திணையும் இயற்கையும்: சங்கப் பாடல்களை நாம் நோக்கும் நோக்கு

சங்க இலக்கிய ஆராய்ச்சியில் 'இயற்கை' என்னும் தலைப்பைப் போலப் பலராலும் விரும்பி எடுத்துக்கொள்ளப்பெற்ற தலைப்பு வேறொன்று இருத்தல் அரிது. மு. வரதராசனார் 1948-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ஆராய்ச்சி, சங்க இலக்கியத்தில் இயற்கை பெறும் இடத்தைப் பற்றியதே. அது 1957-இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. பின்னர் அவர் 'பழந்தமிழ் இலக்கியத்தில் இயற்கை' எனத் தமிழிலும் நூல் செய்தார். 1950-களின் தொடக்கத்தில் தனிநாயக அடிகளார் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலும் பண்டைத் தமிழ்ப் பாட்டில் இயற்கை என்பதையே பொருளாகக் கொண்டது. தமிழின் பெருமையை உலகறியச் செய்ததில் இவ்விரு பெருமக்களின் தொண்டு மறக்கற்பாலதன்று.

ஆயினும் அவர்கள் வகுத்த வழியில் எழுந்த ஆய்வேடுகள் பலவற்றைப் படிக்குங்கால் ஓர் ஐயம் எழுகின்றது. 'இயற்கை' என இன்று நாம் வழங்கும் சொல்லின் பொருள் சங்கப் புலவர் அறிந்த பொருள்தானா? அன்றி, இக்காலப் பண்பாடு நமக்கு அளித்த ஒரு நோக்கினைப் பழம்பாடல்களின்மேல் ஏற்றி உரைக்கின்றோமா? இவ்வினா சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. ஒரு மக்கட்கூட்டம் நிலத்தோடும் நீரோடும் கொண்ட உறவு மாறும்பொழுது, அவ்வுறவைக் கூறும் சொற்களும் மாறுகின்றன; சொற்கள் மாறியபின் பழம்பாடல்களும் வேறு பொருள் தரத் தொடங்குகின்றன. இம்மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லின் வரலாறு

தொல்காப்பியர் இயற்கை என்னும் சொல்லைச் செயற்கை என்பதற்கு மறுதலையாக ஆள்கின்றார். இயற்கைப் பொருளை இத்தன்மைத்து என்ற அளவில் கூறுதல் வேண்டும் என்றும், செயற்கைப் பொருளை ஆக்கச் சொல் சேர்த்துக் கூறுதல் வேண்டும் என்றும் கிளவியாக்கத்தில் விதிக்கின்றார். இயற்கைக்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர்கள் நிலத்தின் வன்மையையும் நீரின் தண்மையையும் தீயின் வெம்மையையும் கூறுவதோடு அமையாது, உயிரின் உணர்வையும் உடன் சேர்த்துள்ளனர். அகப்பொருள் இலக்கணத்தார் தலைவனும் தலைவியும் பிறர் கூட்டாமல் தாமே கூடுவதை 'இயற்கைப் புணர்ச்சி' என்றனர். எனவே, இயற்கை என்பது ஒரு பொருளுக்கு இயல்பாய் அமைந்த தன்மை என்பதே பழைய கருத்து. அது மாந்தருக்குப் புறத்தே மலையும் கடலுமாய்க் கிடக்கும் ஒரு தொகுதியின் பெயர் அன்று. நிலத்திற்கு இயற்கை உண்டு என்பது போல மாந்தர்க்கும் இயற்கை உண்டு.

மேலைநாட்டு இலக்கியக் கல்வி தமிழ்நாட்டில் வேரூன்றிய பின்னரே இச்சொல் மலை, காடு, ஆறு, விலங்கு, பறவை ஆகியவற்றின் தொகுதிப் பெயராயிற்று. அதற்கு எதிர்நிலையில் 'பண்பாடு' நிறுத்தப்பட்டது. இவ்வாங்கிலக் கருத்துக்குத் தமிழில் இச்சொல்லை வழங்கச் செய்தவர் டி. கே. சிதம்பரநாத முதலியார் என்பர். ஆகவே, 'இயற்கையும் பண்பாடும்' என்னும் இணை நமக்குப் பழமையானதாகத் தோன்றினும் புதியதே ஆகும்.

தொல்காப்பியர் கண்ட பகுப்பு வேறு. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியன கருப்பொருள் என்றார். மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். கருப்பொருளின் வரிசையை நோக்குக. மரத்தோடும் பறவையோடும் பறையும் யாழும் ஒரு நிரையில் நிற்கின்றன. இன்றைய ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் இப்பட்டியலைத் தந்தால், விலங்கையும் மரத்தையும் பறவையையும் இயற்கை என ஒருபுறம் வைப்பார். உணவையும் பறையையும் தொழிலையும் யாழையும் பண்பாடு என மறுபுறம் வைப்பார். தெய்வத்தைச் சமயம் என வேறாக்குவார். தொல்காப்பியர்க்கு அப்பிரிவு தேவைப்படவில்லை. ஒரு நிலத்தில் பிறந்தவை யாவும் அந்நிலத்தின் கரு என்பதே அவர் கொள்கை.

தனிநாயக அடிகளார் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தார் என எண்ண இடமுண்டு. அவர்தம் நூல் 1966-இல் மீண்டும் வெளிவந்தபொழுது, அதன் தலைப்பு நிலத்தோற்றமும் கவிதையும் எனப் பொருள்படுமாறு மாற்றப்பட்டது. மறு ஆண்டில் ஏ. கே. இராமானுசன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தபொழுது, அகத்தின் நிலத்தோற்றம் எனப் பொருள்படும் தலைப்பையே தேர்ந்தார். 'இயற்கை' நீங்கி 'நிலம்' வந்தமை ஒரு முன்னேற்றமே. எனினும், தோற்றம் என்ற அளவிலேயே காண்பான் ஒருவன் புறத்தே நிற்பது புலனாகின்றது. அக்காண்பானைப் பற்றியே இனி ஆராய்தல் வேண்டும்.

2. காண்பான் நோக்கு

இக்கால நகர வாழ்க்கை மாந்தனை நிலத்தினின்றும் பிரித்துக் காண்பானாக நிறுத்தியது. உழைப்பு ஓரிடம், ஓய்வு மற்றோரிடம் என்று வாழ்வு பிரிந்தபின், மலையும் கடலும் ஓய்வுக்குரிய காட்சிகள் ஆயின. இலக்கிய ஆராய்ச்சியில் இந்நோக்கு 'இயற்கை வருணனை' என்னும் தலைப்பாகப் புகுந்தது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள தொண்ணூற்றொன்பது மலர்ப்பெயர்களைக் கபிலரின் இயற்கை ஈடுபாட்டிற்குச் சான்றாகக் காட்டாத நூல் அரிது. ஆனால் அப்பெயர்களைக் கூறுபவள் யார்? தோழி. யாரிடம் கூறுகின்றாள்? தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியாது கலங்கும் செவிலியிடம். எதற்காக? தினைப்புனம் காக்கச் சென்ற நாளில் நிகழ்ந்தவற்றை ஒளிக்காது கூறி, தலைவியின் காதலை ஏற்கச் செய்வதற்காக. அருவியாடிப் பூப்பறித்துப் பாறையில் குவித்ததை ஒவ்வொன்றாய்ச் சொல்வது, அற்றை நாளின் ஒவ்வொரு நாழிகைக்கும் கணக்குத் தருவதாகும். இத்துணை நுணுக்கமாய் நினைவுகூர்பவள் பொய் கூறாள் என்று செவிலி நம்புதல் வேண்டும். மலைமகள் ஒருத்தி தன் மலையை அறிந்த அறிவே அங்குச் சான்றாய் நிற்கின்றது. அதனை வருணனை எனப் பிரித்தெடுக்குங்கால், பாட்டின் உயிர்நிலையாகிய அறத்தொடு நிற்றல் என்னும் துறை மறைந்து மலர்ப்பட்டியல் மட்டுமே எஞ்சுகின்றது.

குறிஞ்சி மலருக்கு நேர்ந்ததும் இதுவே. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில் பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. இனி 2030-இல் பூக்கும் என எதிர்பார்க்கப்படுகின்றது. 2006-ஆம் ஆண்டிலேயே கேரள அரசு மூணாற்றை அடுத்த மலைப்பகுதியில் குறிஞ்சிக்கெனக் காப்பிடம் ஒன்றை அறிவித்தது. 2018-இல் கேரளத்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் மலரைக் காணச் செல்வோர் தொகை குறைந்தமை சுற்றுலாத் தொழிலின் இழப்பாகப் பேசப்பட்டது. இன்று குறிஞ்சி என்றவுடன் நம் நினைவில் எழுவது பன்னீராண்டு என்னும் அருமையே.

தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை மூன்றாம் பாட்டில் அவ்வருமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. செடியின் தண்டு கரியது என்பதும், அம்மலரிலிருந்து தேன் இழைக்கப்படுகின்றது என்பதுமே அங்குள. அம்மலைச்சாரல் தலைவனது நாடு. அவனோடு தான் கொண்ட நட்பின் அளவைத் தலைவி நிலத்தோடும் வானோடும் கடல்நீரோடும் ஒப்பிட்டுக் கூறியபின், அந்நட்பிற்கு உரியவனைத் தேன் விளையும் நாட்டினன் என்கின்றாள். சிறுசிறு பூக்களிலிருந்து சேர்ந்து பெருகிய தேன் அவள் காதலுக்கு ஒப்பாய் நிற்கின்றது. பாட்டில் மலரை நாடிச் செல்வது தேனீ. அதன் வருகை காட்சிக்கு அன்று, தொழிலுக்கு. பளியர் தம் அகவையைக் குறிஞ்சி பூக்கும் பருவங்களால் கணக்கிட்டனர் என்பர். அவ்வாறு கணக்கிட்டவர்க்குப் பன்னீராண்டு என்பது வாழ்நாளின் ஓர் அளவு. வெளியூரினின்று சென்று காண்பார்க்கோ அது காட்சியின் அருமை. எண் ஒன்றே, உறவு வேறு.

3. அளப்பான் நோக்கு

காண்பானுக்கு முன்னரே நம் நிலத்திற்கு வந்தவன் அளப்பான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் இரயத்துவாரி வரிமுறை நிலைபெற்றபோது, தீர்வைக்கு உட்பட்ட நிலம், உட்படாத நிலம் என்னும் பகுப்பு ஊர்தோறும் பதிவாயிற்று. ஏரி, ஓடை, மேய்ச்சல் வெளி, வண்டிப்பாதை, சுடுகாடு ஆகியன தீர்வைக்குப் புறம்பானவை ஆதலின் 'புறம்போக்கு' எனப்பட்டன. ஊரார் அனைவர்க்கும் பொதுவாயிருந்தமையால் இன்றியமையாதனவாய் இருந்தவை, வருவாய்க் கணக்கில் எவர்க்கும் உரியன அல்ல என்ற எதிர்மறைப் பெயர் பெற்றன. நாளடைவில் அச்சொல் பயனற்றவனைப் பழிக்கும் வசைச்சொல்லாகவும் இழிந்தது. ஒரு நிலவகையின் பெயர் வசையாய் மாறியதனினும், மாந்தர்க்கும் நிலத்திற்கும் இடையே நேர்ந்த மாற்றத்தைக் காட்டும் சான்று வேறு வேண்டுவதில்லை. 2017-இல் டி. எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த சென்னைப் புறம்போக்குப் பாடல் எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பொருளாகக் கொண்டு, அச்சொல்லை வசையினின்றும் மீட்க முயன்றது. இலக்கிய மாணாக்கர் அதனைச் சொற்பொருள் மாற்றத்தின் ஒரு நிகழ்ச்சியாகவும் கருதுதல் தகும்.

கடற்கரை அளக்கப்பட்ட முறையும் இத்தகையதே. இந்திய அரசின் 1991-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர்ந்த அலைக்கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரையுள்ள பகுதியைத் தன் ஆட்சிக்கு உட்படுத்தியது. கரையைக் காத்தற்கு அத்தகைய கோடு தேவைப்பட்டது என்பதை மறுக்க இயலாது. ஆயின் நெய்தற் பாடல்கள் அறிந்த கடற்கரை ஒரே சீரான பட்டையன்று. கானல் வேறு, கழி வேறு, எக்கர் வேறு, அடைகரை வேறு. உப்பு விளைவது ஓரிடம். மீன் உணங்குவது ஓரிடம். புன்னை நிழல் செய்வது ஓரிடம். தலைவனும் தலைவியும் சந்திப்பது ஓரிடம். இச்சொற்கள் நான்கிற்கும் 'கடற்கரை' என ஒரே உரை எழுதும் நமது வழக்கமும் ஒருவகையில் அளப்பானின் வழக்கமே ஆகும்.

சொற்கள் ஊர்சுற்றி வரும் விந்தையும் ஈண்டுக் கருதத்தக்கது. நீலமலையிலும் ஆனைமலையிலும் புல்வெளிகளுக்கு இடையே பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் காடுகளை ஆங்கிலேயர் நம் 'சோலை' என்னும் சொல்லாலேயே குறித்தனர். அது அவர்தம் ஒலிப்பில் திரிந்து அறிவியற் சொல்லாயிற்று. இன்று தமிழில் எழுதுவோருள் சிலர் அதனை 'ஷோலாக் காடு' என அயற்சொல்லாகவே எழுதுகின்றனர். சங்கப் பாடலில் சோலை என வருமிடத்துப் பூந்தோட்டம் என்று பொருள்கொள்ளும் மாணாக்கர், மலையில் அக்காட்டைக் காணும்பொழுது அதனை அச்சொல்லோடு இணைத்து அறிவதில்லை. சொல்லும் உண்டு, பொருளும் உண்டு. இரண்டையும் இணைக்கும் அறிவே அற்றுப்போயிற்று.

4. காப்பான் நோக்கு

1972-ஆம் ஆண்டு சுடாக்கோமில் நடந்த உலக மாநாட்டிற்குப் பின்னரும், இந்தியாவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரும் 'சுற்றுச்சூழல்' என்னும் சொல் பெருவழக்காயிற்று. சுற்று, சூழல் என்னும் இரண்டும் ஒரு நடுவைக் குறிப்பால் உணர்த்துவன. அந்நடுவில் நிற்பவன் மாந்தன். மற்றவை அவனைச் சூழ்ந்தவை. அவன் இப்பொழுது காண்பானும் அல்லன், அளப்பானும் அல்லன், காப்பான். இந்நோக்கு முன்னையவற்றினும் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இராம்சர் உடன்பாட்டின் பட்டியலில் இடம்பெற்றது போன்ற நன்மைகள் இதனால் விளைந்தன.

இலக்கிய உலகில் இந்நோக்கு சூழலியத் திறனாய்வாக மலர்ந்தது. நிர்மல் செல்வமணி முதலியோர் திணைக் கொள்கையை அத்திறனாய்வின் அடிப்படையாகக் கொண்டு ஆராய்ந்தனர். மாந்தரையும் பிற உயிர்களையும் தெய்வத்தையும் ஓர் இல்லத்தவராகக் காணும் அவர்தம் விளக்கம் பெருமதிப்புடையது. ஆயின் அதனைப் பின்பற்றுவோர் சிலர், பண்டைத் தமிழர் காடு காத்தவர், மரம் போற்றியவர், இயற்கையோடு இயைந்து வாழ்ந்தவர் என எளிய முடிவுக்கு விரைகின்றனர். இதற்குப் பாடல்கள் இடந்தருமா?

குறிஞ்சி நிலத்துத் தினைப்புனம் காட்டை எரித்துத் திருத்தியதால் வந்தது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதையும் குளம் அகழ்ந்து வளம் பெருக்கியதையும் புகழாகவே பாடுகின்றார். புறத்திணைப் பாடல்களில் பகைவர் விளைநிலத்தை எரியூட்டுதலும் வேந்தன் வெற்றியாகக் கூறப்படுகின்றது. இவற்றை மறைத்துவிட்டுத் திணைக் கொள்கையை ஒரு காப்பு அறமாகக் காட்டுதல் வரலாற்றிற்கு இழுக்காம். பாலையை இக்காலப் பருவமாற்றத்தின் முன்னறிவிப்பாகக் கூறுவதும் அன்னதே. தொல்காப்பியர் பாலைக்குத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் திரிந்து பாலையாதலைச் சிலப்பதிகாரம் கூறுவது வேனிற்பருவத்தில் நேரும் திரிபாகும்; மழை பெய்தால் அந்நிலை மாறும். இன்று நாம் காணும் கேடு மழையோடு நீங்குவதன்று.

5. திணை நோக்கு

அற்றேல், திணை தரும் நோக்கு யாது? கபிலரின் குறுந்தொகை இருபத்தைந்தாம் பாட்டு இதற்கு விடை தரும். தலைவன் தலைவியை மணந்த நாளில் உடனிருந்தவர் எவரும் இலர். அவன் சொல் தவறினால் சான்று கூறுவாரும் இலர். தினையின் தாளைப் போன்ற கால்களையுடைய குருகு ஒன்று மட்டும் ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்றது என்கின்றாள் தலைவி.

காண்பான் நோக்குடையவர்க்கு இக்குருகு அழகிய பின்னணி. காப்பான் நோக்குடையவர்க்கு அது மாந்தரோடு ஒன்றிய துணையுயிர். பாட்டோ இரண்டையும் ஏற்கவில்லை. குருகு துணையாக வரவில்லை, மீனுக்காக வந்தது. அதன் கருத்தெல்லாம் நீரில் இருந்தமையால் தலைவன் கூறிய உறுதிமொழி அதன் செவியில் ஏறியிராது. அது உடனிருந்தும் சான்றாகாமையே தலைவியின் துயரம். அன்றியும், தன் இரையொன்றே குறியாய் நின்ற பறவையின் நிலையில் தலைவனின் நிலையையும் நாம் உய்த்துணரலாம். குருகின் தொழிலை அறியாதார்க்கு இப்பொருள் புலப்படாது. உள்ளுறை உவமம் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை இடமாகக் கொண்டு பிறக்கும் என இலக்கணம் கூறுவதன் காரணம் இதுவே. விலங்கும் பறவையும் தத்தம் தொழிலில் நிற்பன. அத்தொழிலை அறிந்தவரே அதன்வழி மாந்தர் மனத்தை அறிய இயலும்.

புறத்திலும் இவ்வறிவே செயற்படுகின்றது. பறம்பு மலையை மூவேந்தரும் முற்றியபொழுது கபிலர் பாடிய புறநானூற்று நூற்றொன்பதாம் பாட்டில், உழவின்றியே அம்மலை தரும் நான்கு பயன்கள் எண்ணப்படுகின்றன: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். இதனை மலைவளம் கூறும் வருணனை என்பர். உண்மையில் அது போரைப் பற்றிய வாதம். வயலைச் சூழ்ந்து உணவைத் தடுத்தால் பணிந்துவிடும் ஊர் அன்று இது என முற்றுகையிட்ட வேந்தர்க்கு அறிவுறுத்துகின்றார் கபிலர். மலையை அறிந்தவனே அவ்வாதத்தை எடுத்துரைக்க முடியும்.

திணை என்பது புலனெறி வழக்கேயன்றி நிலத்தின் நேரறிவு ஆகாது என ஒரு தடை எழலாம். மதுரையில் வாழ்ந்த புலவரும் நெய்தல் பாடினர் அல்லரோ? ஒரு நிலத்துப் பூவும் பறவையும் பிறநிலத்தில் வரினும் ஏற்றுக்கொள்ளத் தொல்காப்பியரே இடந்தந்தார் அல்லரோ? உண்மை. ஆயின் வழக்கு என்பது பலர்க்கும் பொதுவான அறிவின்மேல் நிற்பது. குருகின் இயல்பை ஊரார் அனைவரும் அறிந்திருந்தமையாலேயே புலவர் அதனைக் குறிப்பாக விட்டுச் செல்ல முடிந்தது. மயங்கி வருவதை மயக்கம் என அறிதற்கும், எது எந்நிலத்திற்கு உரியது என்னும் தெளிவு முன்னதாக வேண்டும். ஆதலின் அத்தடை எம் கருத்தை வலியுறுத்துமேயன்றி மறுக்காது.

6. ஆராய்ச்சிக்கு ஆவன

மேற்கூறியவற்றால் பெறப்படுவது ஒன்று. காட்சி, கணக்கு, காப்பு என்னும் மூன்று நோக்குகளும் மாந்தனை நிலத்திற்குப் புறத்தே நிறுத்துவன. திணை நோக்கோ அவனை நிலத்தினுள் வைத்து, அந்நிலத்தின் பிற உயிர்கள் தத்தம் தொழிலில் இயங்குவதை அவன் அறிந்திருந்தமையைக் காட்டுவது. அவ்வறிவு அன்பாகவும் அமையலாம், அழிவாகவும் முடியலாம். கரிகாலனும் காட்டை அறிந்தே அழித்திருப்பான். எனவே திணை தன்னளவில் அறம் அன்று. ஆயினும் அவ்வறிவின்றி எந்த அறமும் நிலைபெறாது. பெயரும் இயல்பும் அறியப்படாத ஒன்றைக் காப்போம் எனக் கூறுதல் வாய்ச்சொல்லாகவே முடியும்.

இவ்வறிவு குறைந்துவருதல் தமிழ்த்துறைக்கு நேரான இழப்பாகும். அகராதிகளிலும் உரைகளிலும் 'ஒரு வகை மரம்', 'ஒரு பூ', 'ஒரு பறவை' என நின்றுவிடும் இடங்கள் பல. ஒவ்வோரிடத்திலும் ஓர் உள்ளுறை மூடப்படுகின்றது. சுவடி அழிந்தால் பாட்டு அழியும் என்பதை உ. வே. சாமிநாதையர் முதலியோர் உணர்ந்து அதனைக் காத்துத் தந்தனர். சுவடி இருந்தும், குருகு நிற்கும் நீர்த்துறையும் அதனை அறிந்தார் வழக்கும் மறைந்தால், பாட்டு எழுத்தாக மட்டுமே எஞ்சும். கழியும் கானலும் புறவும் அழிதல் மரநூலார்க்கும் விலங்கு நூலார்க்கும் உரிய கவலை மட்டுமன்று. உரைகாரர்க்கும் உரிய கவலையாகும்.

ஆகவே, சங்க இலக்கிய ஆய்வேடுகளில் 'இயற்கை வருணனை' என்னும் தலைப்பைக் கைவிட்டு, இக்கருப்பொருள் யார் கூற்றில், எத்துறையில், என்ன பயன் கருதி வருகின்றது என வினவும் முறையை மேற்கொள்ளுதல் வேண்டும். மீனவரும் ஆயரும் மலைவாணரும் இன்றும் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, பழஞ்சொற்களோடு ஒப்புநோக்குதல் வேண்டும். அத்தொகுப்பில் மரநூலாரின் துணையை நாடுதல் தமிழ்த்துறைக்குக் குறையன்று. இப்பணிக்குக் காலம் குறைவு. சொல்லை அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர். சொல்லுக்குரிய நீர்நிலைகளும் சுருங்கி வருகின்றன.